குழல் மாற்றினால் குறி திருந்துமா?

கேள்வி: கல்லூரி நண்பர்கள் சேர்ந்து அவ்வப்போது பெயிண்ட்பால் (சாயக்குண்டால் ஒருவரையொருவர் சுடுகிற விளையாட்டு) ஆடப் போவோம். எங்களில் ஒருவன் சொந்தமாக மார்க்கர், அதாவது காற்றழுத்தத்தில் குண்டைச் சுடுகிற துப்பாக்கி, வைத்திருக்கிறான். குழலின் உள்விட்டம் குண்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தினால்தான் குறி தப்பாது, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஸ்லீவ் செட் (குழலுக்குள் மாட்டுகிற, வேறு வேறு உள்விட்டமுள்ள உறைகள்) ஒன்று வாங்கிவிடலாம் என்று நச்சரிக்கிறான். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. அவன் சொல்வது உண்மையா அண்ணே?
(கல்லூரி மாணவர், மன்னார்குடி)

பதில்: பாதி உண்மை தம்பி. பொருத்தம் முக்கியம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பொருத்தமான குழல் குண்டைப் பிடித்து நேராக அனுப்பி வைக்கும் என்று நம்பிச் செலவு செய்யாதீர்கள். பொருத்தம் சீராக்குவது வேகத்தை. எல்லாக் குண்டும் ஒரே வேகத்தில் கிளம்பினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் போய்ப் படும், கிடைக்கிற லாபம் இதுதான், இது சின்ன லாபமும் இல்லை.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். .68 காலிபர், அதாவது 0.68 அங்குல, குண்டின் விட்டம் சுமார் 17.3 மில்லிமீட்டர், எடை 3 கிராம் அளவில். இவ்வளவு லேசான உருண்டையைக் காற்று சும்மா விடாது, 30 மீட்டர் போவதற்குள் புறப்பட்ட வேகத்தில் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஒரு குண்டு விநாடிக்கு 85 மீட்டர் வேகத்திலும் அடுத்தது 80 மீட்டர் வேகத்திலும் கிளம்பினால், 30 மீட்டர் தள்ளி இரண்டும் படுகிற இடத்துக்கு நடுவே மேல்கீழாக ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வந்துவிடும். மரத்துக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற எதிராளியை அடிக்கப் பார்க்கும்போது அந்த 15 சென்டிமீட்டர்தான் ஆட்டமே.

குழல் லூசாக இருந்தால் பின்னாலிருந்து தள்ளுகிற காற்று குண்டின் ஓரமாகக் கசிந்து முன்னால் ஓடிவிடும். எவ்வளவு கசிகிறது என்பது குண்டுக்குக் குண்டு மாறும், அதனால் வேகமும் மாறும். போதாக்குறைக்கு, மார்க்கரைத் தரையைப் பார்க்கப் பிடித்தால் குண்டு தானாக முன்னால் உருண்டுவிடும், அதைப் பிடித்து நிறுத்துகிற சின்ன டீடென்ட் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். குழல் கொஞ்சம் டைட்டாக இருந்தால் கசிவு குறையும், டேங்கில் காற்றும் மிச்சமாகும். அதனால்தான் போட்டியில் ஆடுகிறவர்கள் பலர் இப்போது குண்டைவிட ஒரு மயிரிழை குறைவான விட்டத்தையே தேடிப் போகிறார்கள். ஆனால் ரொம்ப டைட்டாகப் போட்டு, குண்டின் மேலோடும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் உள்ளேயே உடைந்துவிடும். ஒன்று உள்ளே உடைந்தால் போதும், அடுத்து வருகிற குண்டுகள் எல்லாம் அந்தப் பிசுபிசுப்பில் வழுக்கி எங்கே போகும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

பொருத்தம் பார்க்கக் காசு எதுவும் ஆகாது. காற்று டேங்கைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கிற காற்றையும் வெளியேற்றிவிட்டு, குழலைத் தனியாகக் கழற்றிக்கொள்ளுங்கள், மார்க்கரில் மாட்டியிருக்கும்போது குழல் வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற வேலையே கூடாது. மார்க்கரில் மாட்டுகிற முனை வழியாக ஒரு குண்டைப் போடுங்கள். கடகடவென்று உருண்டு மறுமுனையில் விழுந்தால் லூஸ். உள்ளே நின்று, வாயை வைத்து லேசாக ஊதியதும் வழுக்கிக்கொண்டு வந்தால் சரியான பொருத்தம். கன்னம் உப்ப ஊதியும் நகரவில்லை என்றால் டைட். ஒரே குண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், அதே பையிலிருந்து ஒரு பத்து குண்டையாவது எடுத்துப் பாருங்கள், இரண்டு உருளும், ஐந்து நிற்கும், மூன்று அடம்பிடிக்கும், பெரும்பாலானவை என்ன செய்கின்றனவோ அதுதான் அன்றைக்கு உங்கள் அளவு. ஊதி முடித்ததும் உலர்ந்த துணியை உள்ளே விட்டுத் துடைத்துவிடுங்கள், மூச்சுக்காற்றின் ஈரம் உள்ளே நின்றால் அதுவும் குண்டைப் பிடிக்கும்.

இடதும் வலதுமாக விலகிப் போவதைப் பற்றி உங்கள் நண்பர் பேசவே இல்லை, ஆனால் நீங்கள் அதிகம் பார்ப்பது அதைத்தான். வழவழப்பான உருண்டை சுழலாமல் பறக்கும்போது பின்னால் உண்டாகிற காற்றுச் சுழிகள் நிலையாக இருப்பதில்லை, அவை ஒருமுறை இந்தப் பக்கம் இழுக்கும், ஒருமுறை அந்தப் பக்கம் இழுக்கும். குண்டில் இரண்டு பாதிகளை ஒட்டிய தையல் கோடும் இருக்கிறது, சிலதில் சின்னப் பள்ளமும் இருக்கும். குழலைத் தாண்டி வெளியே வந்த பிறகு நடக்கிற இந்தக் கூத்தை எந்த ஸ்லீவும் தடுக்காது.

ஆகவே முழு செட் வேண்டாம். நீங்கள் வழக்கமாக வாங்குகிற குண்டுக்கு ஊதிப் பார்த்து, இரண்டு அளவு மட்டும் வாங்குங்கள், மிச்சப் பணத்தை நல்ல குண்டில் போடுங்கள். ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் மார்க்கரில் குழலைத் திருகி மாட்டுகிற மரை எந்த ரகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோகாக்கர் மரை வேறு, டிப்மேன் 98 மரை வேறு, ஏ-5 மரை வேறு. ஒன்றில் ஒன்று ஏறாது.

கேள்வி: பங்குனியில் ஆடியபோது அருமையாகப் போன அதே கம்பெனி குண்டு, ஐப்பசியில் கண்ட இடத்துக்குப் போகிறது. குழலும் அதேதான், மார்க்கரும் அதேதான். என்ன காரணம்?
(வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: உங்கள் ஊர்க் காற்றுதான் காரணம். குண்டின் ஓடு ஜெலட்டின், மீன் எண்ணெய் மாத்திரை செய்கிற அதே முறையில் செய்வது. உள்ளே இருக்கிற சாயம் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்கிற திரவத்தில் கரைந்திருக்கும். ஜெலட்டின் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அடைமழைக் காலத்தில், அதுவும் கடற்கரையை ஒட்டிய உங்கள் பக்கம், பையைத் திறந்து வைத்தால் அப்பளம் நமத்துப்போவது போல ஓடு நமத்துவிடும். குண்டு உப்பும், மெத்தென்று ஆகும், ஒன்றோடொன்று ஒட்டும், ஆள்மேல் பட்டாலும் உடையாமல் எகிறி விழும்.

உப்புவதோடு நிற்பதில்லை, உருண்டை வடிவமும் கெட்டுப்போகிறது. பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும், வாங்கி அளந்து பாருங்கள். தாடையைக் குண்டின்மேல் தொட்டும் தொடாமலும் வைக்கவேண்டும், அழுத்தினால் குண்டு நசுங்கி அளவு பொய் சொல்லும். முதலில் தையல் கோட்டின் மேலேயே வைத்து ஒரு அளவு, அப்புறம் குண்டைத் திருப்பி, கோடு குறுக்கே வருகிற மாதிரி வைத்து இன்னொரு அளவு. நல்ல குண்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். நமத்துப்போனதில் ஒரு பக்கம் 17.3, திருப்பினால் 17.6 என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள்.

கடையில் விற்கிற ஸ்லீவ் செட் பொதுவாக .679 அங்குலத்திலிருந்து .695 அங்குலம் வரை போகும். மில்லிமீட்டரில் 17.25 முதல் 17.65 வரை, மொத்த செட்டுக்கே 0.4 மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஒரே குண்டு தனக்குள்ளேயே 0.3 மில்லிமீட்டர் கோணிக்கொண்டிருக்கும்போது எந்த ஸ்லீவை மாட்டுவது? ஒரு பக்கம் கசியும், ஒரு பக்கம் உரசும். டெல்டாவில் ஆடுகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: முதலில் குண்டைக் காப்பாற்றுங்கள், அப்புறம் குழலைப் பற்றிப் பேசலாம்.

பையைப் பிரிக்காமல் வையுங்கள். பிரித்துவிட்டால் மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். வீட்டில் வெயில் படாத, ஈரச்சுவர் இல்லாத அறை போதும், ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது. ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், குளிரில் ஓடு நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும், வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்துக்கொள்ளும். ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியில் இருக்கிற குண்டுகள் தட்டையாகும், சில நாளுக்கு ஒருமுறை பையைப் புரட்டிப் போடுங்கள்.

கேள்வி: நிஜத் துப்பாக்கியில் இருப்பது போல உள்ளே புரிபோட்ட குழலும், இன்னும் நீளமான குழலும் வாங்கினால் குறி கூடுமா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: உருண்டைக் குண்டுக்குப் புரி பயன்படாது. மூக்கு முன்னால் இருக்கவேண்டிய கூர்மையான தோட்டாவுக்குத்தான் அந்தச் சுழற்சி தேவை, உருண்டைக்கு முன் ஏது பின் ஏது. உள்ளே இருப்பதும் திரவம், ஓடு சுழன்றாலும் அது உடனே கூடச் சேர்ந்து சுழலாது. ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் என்று பின்னால் துடுப்பு வைத்த தனி ரகக் குண்டு ஒன்று இருக்கிறது, அது வேறு கதை, விலையும் வேறு.

நீளத்தைப் பொறுத்தவரை, குண்டு பெற வேண்டிய வேகத்தைப் பெரும்பாலும் முதல் 8 அங்குலத்துக்குள்ளேயே பெற்றுவிடும். 12 முதல் 14 அங்குலம் வரை வைப்பது சத்தம் குறைவதற்கும் மறைவிலிருந்து குழலை வெளியே நீட்டுவதற்கும். அதற்கு மேல் உரசல்தான் மிச்சம்.

கேள்வி: தோப்பில் பெயிண்ட்பால் களம் நடத்துகிறேன். வாடகை மார்க்கரில் குறியே விழவில்லை என்று வருகிறவர்கள் குறை சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் டைட்டான குழல் மாற்றிவிடலாமா?
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: மாற்றாதீர்கள். வாடகை மார்க்கரில் குழல் கொஞ்சம் லூசாக இருப்பது தெரிந்தே செய்த ஏற்பாடு, எந்தக் குண்டைப் போட்டாலும் உடையாமல் வெளியே வரவேண்டும் என்பதற்காக. புதிதாக ஆட வருகிற பிள்ளைகள் கையில் டைட்டான குழலைக் கொடுத்தால் அரைமணிக்கு ஒருமுறை உங்களைத்தான் துடைக்கக் கூப்பிடுவார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது சுத்தம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவே குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு தெரியவேண்டும். நிறக்கோடு ஒன்று ஓடினாலும் ஈரத்துணி, அதன்பின் உலர்ந்த துணி. சாயம் தண்ணீரிலேயே போய்விடும், சோப்பு கூடத் தேவையில்லை. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் என்று உள்ளே எதையும் தடவ விடாதீர்கள், வழவழப்பாக இருந்தால் நேராகப் போகும் என்று சிலர் செய்கிறார்கள், நடப்பது நேர்மாறு.

ஒருவேளை எதிர்காலத்தில் குழல் மாற்றினாலும் அன்றைக்கே க்ரோனோ வைத்து வேகத்தை அளந்துவிடுங்கள். கசிவு குறைந்தால் அதே காற்றில் வேகம் ஏறிவிடும். களங்களில் பொதுவாக விநாடிக்கு 300 அடி, அதாவது சுமார் 91 மீட்டர், உச்ச வரம்பு. வாடகை ஆட்டத்துக்கு அதற்கும் கீழேதான் வைக்கவேண்டும். முகமூடியைக் கழற்றுகிற இடம் எது என்று வலை கட்டிப் பிரித்து வையுங்கள், களத்துக்குள் வியர்க்கிறது, கண்ணாடி மங்குகிறது என்று யார் சொன்னாலும் கழற்ற விடாதீர்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைத்தான் முதலில் செய்வார்கள். மங்காத இரட்டைக் கண்ணாடி முகமூடியாகப் பார்த்து வாங்குங்கள், குழலுக்கு ஒதுக்கிய பணம் அதற்குப் போகட்டும்.