கண்மாயில் முட்டையிட்டிருப்பது எந்த வாத்து?

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாயில் காட்டு வாத்துகள் முட்டையிட்டிருக்கின்றன, எடுத்துக் கோழியிடம் அடைவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நீங்கள் நினைப்பதுபோல இது இமயமலை தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து இல்லை. அது இந்தப் பக்கம் வந்தாலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கிளம்பிவிடும். கூடு கட்டுவது மங்கோலியா, திபெத் பக்கம்தான். அலகின் நுனி மஞ்சளாக, அடியில் சிவப்புப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நம்மூர்ப் புள்ளிமூக்கு வாத்து. கரைப் புல்லுக்குள் தரையிலேயே கூடு வைக்கும், அதனால் நாய்களை மட்டும் அண்டவிடாதீர்கள். குஞ்சுகள் பொரித்ததும் தாயின் பின்னாலேயே தண்ணீருக்குப் போய்விடும்.

அப்புறம், திருப்பத்தூர் போனால் வேட்டங்குடி சரணாலயத்தை எட்டிப் பாருங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடாத ஊர்க்காரர்கள்!