வாசகர் கேள்வி: வேம்பில் எந்தப் பாகம், எதற்கு?

வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தும் புழு சாகவில்லையே, ஏன்?

அடித்த அன்றே சாகாது. கொட்டையின் பருப்பில் இருக்கும் அசாடிராக்டின் என்ற சேர்மம் நரம்பை முடக்கும் நஞ்சு அல்ல. இலையைத் தின்ன விடாமல் தடுக்கும். புழு தோலுரிக்கத் தேவையான ஹார்மோனைக் குலைக்கும். தோலுரிக்க முடியாமல் மாட்டிக்கொண்டுதான் புழு சாகிறது. பலன் தெரிய 3 முதல் 7 நாள் ஆகும். கொழுத்த புழுவிடம் அவ்வளவாக எடுபடாது, குஞ்சாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும்.

10 லிட்டர் கரைசலுக்கு, ஓடு நீக்கிய பருப்பு 500 கிராம். எண்ணெய் பிரியாதபடி கொரகொரப்பாக இடித்துத் துணியில் முடிந்து, 2 லிட்டர் தண்ணீரில் காலையில் ஊறப்போடுங்கள். மாலையில் பால்போல் வரும்வரை பிழிந்து, 10 லிட்டராக்குங்கள். 20 கிராம் சோப்பைக் கடைசியில் கரையுங்கள். சோப்பு கூடிக் காரத்தன்மை ஏறினால் அசாடிராக்டின் சிதையும், இலையும் கருகும். அன்றே அடித்துவிடுங்கள், மீதியை வைக்காதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் பலிக்கவில்லை என்றால் கொட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றம் அங்கேதான். வெயிலில் காய்ந்ததும், ஓராண்டுக்கு மேல் கிடந்ததும், பூசணம் பூத்ததும் வீண். நிழலில் உலர்த்தி, காற்றோடும் சாக்கில் வைத்த கொட்டையின் பருப்பு உள்ளே பச்சையாக இருக்கும், பழுப்பேறியிருந்தால் ஒதுக்கிவிடுங்கள். வெந்நீரில் ஊறவைப்பதும் உச்சிவெயிலில் தெளிப்பதும் அசாடிராக்டினைச் சிதைத்துவிடும். 1968-இல் பிரித்தெடுத்த இந்தச் சேர்மத்தை ஆய்வகத்தில் முழுதாக உருவாக்க 2007 வரை ஆனது. அத்தனை சிக்கலான மூலக்கூறு, வெயில் பட்டாலோ சட்டென்று உடைந்துவிடுகிறது.

குடல்புழுவுக்குக் கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டலாமா?

ஒரு சொட்டும் வேண்டாம். சில மில்லி உள்ளே போனதிலேயே வாந்தி, மயக்கம், வலிப்பு, மூளை வீக்கம் வரை போன குழந்தைகளின் விவரங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு. கொடுத்துவிட்டீர்கள் என்றால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல், எண்ணெய்ப் புட்டியோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுவோரும் இதைக் குடிக்கக் கூடாது.

அப்படியானால் தோலில் தடவலாமா?

பெரியவர்கள் தடவலாம். வேப்பெண்ணெய் 1 பங்கு, தேங்காயெண்ணெய் 9 பங்கு. முன்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லை என்றால் மட்டும் தொடருங்கள். திறந்த புண்ணில் வேண்டாம். 1942-இல் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி இந்த எண்ணெயிலிருந்து பிரித்த நிம்பின், நிம்பிடின் போன்ற கசப்புப் பொருள்களில், வீக்கத்தைத் தணிக்கும் குணம் நிம்பிடினுக்கு உண்டு என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. தோல் நோய்க்கான களிம்பை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்பும் அளவுக்குச் சான்று கிடையாது.

சர்க்கரைக்கு மாத்திரையோடு வேப்பங்கொழுந்தும் தின்கிறேன். சரியா?

மருத்துவரிடம் சொல்லாமல் தின்னாதீர்கள். இலையும் சர்க்கரையை இறக்கும். இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறி இறங்கினால் வியர்வை, நடுக்கம், கிறுகிறுப்பு வரும்.