திருப்புளியைக் கீழே வையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காயலாங்கடையில் பழைய எச்.பி. 10811 ஓவன் கிரிஸ்டல் (சிறு சூடான பெட்டிக்குள் வைத்து, அதிர்வெண் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கிரிஸ்டல்) ஒன்று கிடைத்தது. 10 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஒரு கோடி அதிர்வு, வரவேண்டிய இடத்தில் அதிர்வை எண்ணும் என் கவுண்டர் 1,00,00,002 காட்டுகிறது. திருகைத் திருப்பிச் சரிசெய்யலாமா?
– கல்லூரி மாணவர், குடியாத்தம்

வேண்டாம் தம்பி. தவறு எதில் என்று இன்னும் தெரியவில்லையே. உங்கள் கவுண்டருக்குள்ளும் ஒரு கிரிஸ்டல் இருக்கிறது. அதை நம்பித்தான் அது நொடியை எண்ணுகிறது. அந்தச் சாதாரணக் கிரிஸ்டல் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு தவறினாலே 10 மெகாஹெர்ட்ஸில் 50 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வரும். நீங்கள் பார்த்தது வெறும் 2.

நானும் முதல் கிரிஸ்டல் வாங்கியபோது ஒரு வாரம் தினமும் திருகினேன். வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடியை ஒட்டிய அறை, ஜனவரி மாதம். விடியற்காலையில் சரிசெய்துவிட்டு இறங்குவேன். மதியம் இரண்டு மணிக்கு 4 ஹெர்ட்ஸ் ஏறியிருக்கும், ராத்திரி தானே இறங்கிவிடும். எட்டாம் நாள்தான் புரிந்தது. ஓவன் தன் கிரிஸ்டலைச் சுமார் 80 டிகிரியில் பிடித்து வைத்திருக்கிறது. அறையின் பனிக்கும் வெயிலுக்கும் அது இப்படி ஆடாது. ஆடியது கவுண்டர். ஒழுங்காக நின்ற கருவியை நானே ஒரு வாரம் கலைத்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மின்சாரம் கொடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். 24 மணி நேரம் சூடான பிறகு ஒரு நாளைக்கு ஆயிரம் கோடியில் 5 பங்குக்குள், அதாவது 0.005 ஹெர்ட்ஸுக்குள், நகரும் என்பது தயாரித்தவர்கள் தந்த கணக்கு. ஆனால் பல வருடம் அணைந்து கிடந்த கிரிஸ்டல் நிலைப்பட வாரக்கணக்கில் ஆகும். நடுவில் கரண்ட் போனால் ஆறிவிடும். மறுபடி சூடாகும்போது பழைய இடத்துக்கே அச்சாக வராது. அதனால் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து ஓவனுக்குக் கொடுங்கள். அது 20 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும். அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் பகுதிக்கு மட்டும் 12 வோல்ட் தனியாக, சுத்தமாக வேண்டும். நம் ஊர் மே மாத வெயிலை அது தாங்கும். டிரான்ஸ்பார்மரோடு சேர்த்துக் காற்றுப் போகாத தகரப் பெட்டியில் அடைத்தால்தான் ஆபத்து: வெளிச்சூடு 70 டிகிரியைத் தாண்டினால் ஓவனுக்குக் கட்டுப்பாடு போய்விடும். வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால்கூடப் புவியீர்ப்பு அதன் அதிர்வெண்ணை ஒன்பதாவது தசம இடத்தில் மாற்றிவிடும்.

அப்புறம் ஒப்பிட்டுப் பார்க்க, செயற்கைக்கோள் கடிகாரங்களைப் பின்பற்றும் ஜி.பி.எஸ். மாடியூல். அது நொடிக்கு ஒன்றாகத் தரும் துடிப்பை ஆஸிலோஸ்கோப்பின் (மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) டிரிகருக்கு, அதாவது படத்தைத் தொடங்கிவைக்கும் நுழைவுக்கு, கொடுத்து, கிரிஸ்டலின் அலையைத் திரையில் பாருங்கள். ஓர் அலையின் நீளம் 100 நானோ நொடி. ஒரு முழு அலை நகர 100 நொடி ஆனால் தவறு 0.01 ஹெர்ட்ஸ். அலை கொஞ்சம் நடுங்கும், அது மாடியூலின் நடுக்கம். சராசரி நகர்வைப் பாருங்கள். ஒரு கண்ணி இருக்கிறது. தவறு சரியாக 1 அல்லது 2 ஹெர்ட்ஸாக இருந்தாலும் அலை அசையாமல் நிற்பது போலவே தெரியும்! நொடிக்கு 1,000 துடிப்பு தரும்படி அமைக்கக்கூடிய மாடியூல் வாங்கி, முதலில் அதில் பார்த்துவிடுங்கள். ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் குறித்த பிறகு திருகைத் தொடலாம்.

கேள்வி: இரண்டு கிரிஸ்டல்களின் வித்தியாசத்தை வகுப்பில் எளிதாகக் காட்ட முடியுமா?
– இயற்பியல் ஆசிரியை, ஆரணி

முடியும் அம்மா, பார்க்கவும் அழகாக இருக்கும். ஸ்கோப்பை எக்ஸ்-ஒய் நிலையில் வைத்து, ஒரு கிரிஸ்டலைக் கிடை அச்சுக்கும் மற்றதைச் செங்குத்து அச்சுக்கும் கொடுங்கள். சாய்ந்த கோடு மெல்ல நீள்வட்டமாகி, வட்டமாகி, மறுபக்கம் சாய்ந்து, திரும்பி வரும். பிள்ளைகள் கைக்கடிகாரத்தில் ஒரு சுற்றை அளக்கட்டும். 50 நொடி என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.02 ஹெர்ட்ஸ். எது கூட, எது குறைவு என்பதை இந்தப் படம் சொல்லாது. அதை மாணவர்களே கேட்கும்வரை காத்திருங்கள்.

கேள்வி: ருபிடியம் ஆஸிலேட்டர் (ருபிடியம் அணுவைக் கொண்டு அதிர்வெண்ணைப் பிடித்து வைக்கும் கருவி) வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையா?
– வாசகர், வாலாஜாபேட்டை

நீண்ட நாள் நகர்வு குறையும், உண்மைதான். ஆனால் நொடிக்கு இலக்கணம் சீசியம் அணு: 1967 முதல் அதன் 919,26,31,770 அதிர்வு ஒரு நொடி. ருபிடியத்தையும் எதனோடாவது ஒப்பிட்டுச் சரிபார்க்கத்தான் வேண்டும். விளக்கு தேய்ந்த பழைய யூனிட்டுகள் சந்தைக்கு வருகின்றன. லாக் ஆகிறதா, அதாவது அணுவின் அதிர்வோடு ஒட்டிக்கொள்கிறதா, என்று கடையிலேயே பாருங்கள். அடியில் சூட்டை வெளியேற்ற நல்ல தடிமனான அலுமினியத் தகடு இல்லாமல் ஓட்டாதீர்கள்.