எட்டு மாதமாகியும் இதயம் முழுமையாகத் தேறவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 31. பிரசவம் முடிந்த இரண்டாம் வாரத்தில் மூச்சுத்திணறலும் கால் வீக்கமும் ஏற்பட்டன. பேறுகாலத்தை ஒட்டி வரும் இதயத்தசை பலவீனம் என்று கண்டறிந்தார்கள். அப்போது எக்கோவில் ‘எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன்’ 25 சதவீதம். ஐந்தாம் மாதம் 41 ஆனது. எட்டாம் மாதமான இப்போது 40. குறையத் தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறினாலே உட்கார வேண்டியிருக்கிறது. மாத்திரைகளை எப்போது நிறுத்தலாம்? இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்த 41, 40 பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். இதயத்தின் இடது கீழறை நிரம்பும்போது உள்ளே இருக்கும் இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதே அந்த எண். ஆரோக்கியமான இதயத்திலும் அது 55 முதல் 70 வரைதான் இருக்கும். எக்கோ எடுப்பவர் திரையில் அறையின் உட்சுவர் ஓரத்தைக் கோடிட்டுக் காட்ட, அதிலிருந்து இந்த அளவு கணக்கிடப்படுகிறது. அந்தக் கோடு சற்றே நகர்ந்தாலும் எண் மாறும். ஒரே நாளில் இரண்டு பேர் எடுத்தால்கூட ஐந்து புள்ளிவரை வித்தியாசம் வருவது சாதாரணம். எனவே உங்கள் இரண்டு அறிக்கைகளுக்கும் இடையே மாற்றமில்லை என்றே நான் வாசிக்கிறேன். 25இலிருந்து 40க்கு வந்ததுதான் உண்மையான மாற்றம், அது சிறியதும் அல்ல. அடுத்த அறிக்கையில் அந்த ஓர் எண்ணை மட்டும் தேடாமல், இடது கீழறையின் விட்டம் முன்பைவிடச் சுருங்கியிருக்கிறதா, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வின் கசிவு குறைந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நோயில் தேறுபவர்களில் பெரும்பாலோர் முதல் ஆறு மாதங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். 2015இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஓராண்டு முடிவில் பத்தில் ஏழு பெண்களுக்கு அந்த அளவு 50ஐத் தொட்டிருந்தது. இதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் தாண்டினால் இனி முன்னேற்றம் இல்லை என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள்; அது தவறு. இரண்டாம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் படிப்படியாக ஏறி இயல்பு நிலைக்கு வந்த இதயங்கள் உண்டு. தொடக்கத்தில் 30க்குக் கீழே இருந்தவர்களுக்கும், அறை மிகவும் விரிந்திருந்தவர்களுக்கும் இந்தப் பயணம் நீளமானது. நீங்கள் 25இல் தொடங்கியவர். சிலருக்கு அளவு 40, 45இலேயே நின்றுவிடுவதும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. அவர்களிலும் பலர் மருந்தோடு பல ஆண்டுகள் நிலையாக வாழ்கிறார்கள்.

அதனால்தான் மாத்திரை விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வேறு காரணங்களால் இதயம் விரிந்து பலவீனமாகி, பிறகு அளவு முழுதும் சீரானவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. முதலில் நிறுத்திய 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. உங்கள் நோய் வேறு வகை என்றாலும், அளவு சீரானவர்களுக்கே இந்த நிலை என்னும்போது 40இல் நிற்கும் நீங்கள் இப்போது நிறுத்துவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மாறாக, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது: “என் மருந்துகளின் அளவு ஏற்ற வேண்டிய உச்சத்துக்கு வந்துவிட்டதா?” இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரும், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் எனலாபிரில் போன்ற மருந்தும் சிறிய அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை உயர்த்தப்பட வேண்டியவை. இரத்த அழுத்தத்தின் மேல் எண் 95க்கு வந்தது என்பதற்காகவே பாதியில் நின்றுபோன மருந்துச்சீட்டுகளை அடிக்கடி பார்க்கிறேன். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் இல்லையென்றால் அந்த அழுத்தம் பெரும்பாலும் தாங்கக்கூடியதே. நீர் மாத்திரை மட்டும் வேறு கணக்கு. உடலில் நீர் தேங்குவது நின்றுவிட்டால் டாக்டர் அதைக் குறைப்பார். தாய்ப்பால் கொடுத்தால் அதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். எனலாபிரில் பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது, எல்லா மருந்துகளுக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

களைப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதை முழுவதும் இதயத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பீட்டா பிளாக்கர் அளவு ஏறும் வாரங்களில் உடல் கனத்துப்போகும். அது பெரும்பாலும் தணியும். பிரசவத்தில் இழந்த இரும்புச்சத்து திரும்பாமலே பலர் மாதங்களைக் கழிக்கிறார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100க்குக் கீழே இருந்தால் அது இரும்புக் குறைபாடாகவே கருதப்படுகிறது. பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பியும் சிலருக்குத் தடம் மாறும். இந்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். தூக்கமின்மையும் ஒரு காரணம். இரவில் ஒரு வேளையாவது குழந்தையை வேறொருவர் கவனித்துக்கொள்வது சிகிச்சையின் பகுதி என்று வீட்டாரிடம் என் பெயரைச் சொல்லியே கேளுங்கள். முகம் தெளிந்திருப்பதை வைத்து இதயம் தேறிவிட்டதாக அவர்கள் நினைப்பது இயல்பு. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒருவரை உடன் அழைத்துச் சென்று எக்கோ அறிக்கையை அவர் காதாலேயே கேட்கச் செய்யுங்கள். எதிலும் பிடிப்பில்லை, குழந்தையைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்ற நிலை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த நோயில் மனச்சோர்வு அரிதல்ல, மருந்து உண்டு.

நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பு அல்ல, நீர். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். படுத்தால் இருமல் வந்து உட்கார்ந்தால் அடங்குவதும் அப்படியே. எனலாபிரில் தரும் வறட்டு இருமலோ எந்த நிலையிலும் தொண்டையை அரித்துக்கொண்டிருக்கும். மயக்கம், மார்பில் படபடவென்ற துடிப்பு, ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு என்றால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். முதுகுவலிக்கென்று டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. அவை நீரைத் தேக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். நடைப்பயிற்சி நல்லது. நடக்கும்போதே முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். மாடியில் குழந்தையைச் சில மாதங்கள் வேறொருவர் தூக்கட்டும்.

இன்னொரு குழந்தை பற்றிய பதில் உங்களுக்கு வலிக்கும், ஆனாலும் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த நோய்க்குப் பின் மீண்டும் கருவுற்ற 44 பெண்களை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், அளவு இயல்புக்குத் திரும்பாத நிலையில் கருவுற்றவர்களில் 44 சதவீதம் பேருக்கு மீண்டும் இதயச் செயலிழப்பு ஏற்பட்டது. 19 சதவீதம் பேர் இறந்தார்கள். அளவு இயல்பானவர்களில் ஒருவரும் இறக்கவில்லை, ஆனால் அவர்களிலும் 21 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் திரும்பின. 40இல் இருக்கும்போது கருத்தரிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எனலாபிரில் போன்ற மருந்துகள் கருவையும் பாதிக்கும் என்பதால், மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் உடனே பரிசோதித்து டாக்டரிடம் தெரிவியுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகள் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுவதால் அவற்றைத் தவிர்த்து, கருப்பையில் வைக்கும் காப்பர்-டி அல்லது ஹார்மோன் சாதனம், கையில் தோலுக்கு அடியில் பொருத்தும் இம்பிளான்ட் ஆகியவற்றில் ஒன்றை மகப்பேறு டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். அளவு 50ஐத் தாண்டி, சில மாதங்கள் அங்கேயே நிலைத்த பிறகு மறுபடி கேளுங்கள். அப்போதும் கருவுறுவதற்கு முன்பே அந்த இருவரையும் ஒன்றாகச் சந்தித்தாக வேண்டும்.