பார்த்து எழுத முடியாத ஒப்படை

கேள்வி: நிலாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 10, 11 மாணவர்களுக்குத் தமிழ் இலக்கிய நயம் கற்பிக்கிறேன். செய்யுளின் நயத்தை எழுதி வரச் சொன்னால், எல்லாக் கொப்பிகளிலும் ஒரே வழிகாட்டி நூலின் வசனங்களே இருக்கின்றன. இப்போது கைபேசியிடம் கேட்டு எழுதுகிறவர்களும் உண்டு. திருத்துவதிலேயே வார இறுதி போய்விடுகிறது. ஒப்படையை எப்படிக் கொடுத்தால் பிள்ளைகள் சொந்தமாக எழுதுவார்கள்?

பதில்: ஆசிரியை அவர்களுக்கு, பிள்ளைகளைக் குறை கூறுவதற்கு முன் வினாவைப் பார்ப்போம். ‘இச்செய்யுளின் நயத்தை விளக்குக’ என்று கேட்டால், அதற்கான விடை ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. தன்னிடம் உள்ளதைவிடச் செம்மையான விடை கடையில் கிடைக்கும்போது அதைப் பார்த்து எழுதுவது பிள்ளையின் கண்ணுக்குக் குற்றமாகத் தெரியாது. பரீட்சையில் அவ்வாறான பரந்த வினா வரும் என்பது உண்மைதான். எனினும் பரீட்சை வினாவையே ஆண்டு முழுவதும் பயிற்சியாகக் கொடுத்தால் மனனம் வளருமே தவிர வாசிப்பு வளராது. ஒப்படைக்குரிய வினா செய்யுளின் ஓர் அடியையோ, இரண்டு சொற்களையோ பிடித்து நிற்க வேண்டும்.

உங்கள் கரையோரத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு பாடலை எடுத்துக்கொள்கிறேன். சங்க இலக்கியமான நற்றிணையின் 45ஆம் பாடல், கடலும் கடற்கரையும் சார்ந்த வாழ்வைப் பாடும் நெய்தல் திணையைச் சேர்ந்தது. செல்வன் மகனொருவன் பரதவர் (மீனவர்) மகளை விரும்பி வருகிறான். தோழி அவனை விலக்குகிறாள். ‘இவளே, கானல் நண்ணிய காமர் சிறுகுடி, நீல்நிறப் பெருங்கடல் கலங்க உள்புக்கு மீன்எறி பரதவர் மகளே’ என்று தொடங்கி, நீயோ கொடி பறக்கும் அங்காடித் தெருக்களையுடைய பழைய ஊரில், விரைந்த தேருடைய செல்வனின் மகன் என்கிறாள். சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவைகளை விரட்டும் எங்களுக்கு அழகு எதற்கு, ‘புலவு நாறுதும், செல நின்றீமோ’ (மீன் நாற்றம் வீசுகிறோம், விலகி நில்) என்கிறாள். முடிவில், கடல் தரும் விளைச்சலில் வாழும் எங்கள் ‘சிறு நல் வாழ்க்கை’ உன்னோடு ஒப்பாகாது, எங்களவரிலும் தலைமைக்குரியோர் உண்டு என்று நிமிர்ந்து பேசுகிறாள். இது உங்கள் பாடநூலில் இல்லாவிட்டாலும் பயிற்சிக்கு உதவும். பாடநூலிலுள்ள எந்தச் செய்யுளுக்கும் இதே முறை பொருந்தும்.

இதற்கு நான் கொடுக்கும் வினா இது: ‘தோழி தன் ஊரையும் வாழ்க்கையையும் இரண்டு இடங்களில் “சிறு” என்கிறாள். அந்த இடங்களில் அதன் அருகே எந்தச் சொற்களை வைத்திருக்கிறாள்? அதனால் அவள் தன் ஊரைத் தாழ்த்துகிறாளா?’ தேடும் பிள்ளை முதலிடத்தில் ‘காமர்’ (அழகிய) என்பதையும் இரண்டாமிடத்தில் ‘நல்’ என்பதையும் காணும். இன்னும் கூர்ந்து பார்க்கிற பிள்ளை, சிறுகுடிக்குப் பக்கத்தில் பெருங்கடலும், சிறு வாழ்க்கைக்குப் பக்கத்தில் ‘பெருநீர்’ என்பதும் நிற்பதைக் கண்டுகொள்ளும். ஊர் சிறிதாகத் தெரிவது தேருக்கும் கொடிக்கும் முன்னால் அல்ல, கடலுக்கு முன்னால் என்று ஒரு மாணவி எழுதிவிட்டால், அந்த வசனத்தை எந்த வழிகாட்டி நூலிலிருந்தும் அவள் எடுத்திருக்க முடியாது.

எழுத வேண்டிய அளவையும் குறைத்துவிடுங்கள். மூன்று பக்கம் கேட்டால் இரண்டரைப் பக்கம் நிரப்பலாகவே வரும். 120 முதல் 150 சொற்கள் வரை போதும். அதில் ஒரு கருத்து, அதற்குச் சான்றாகச் செய்யுளின் சொற்கள், அச்சொற்கள் அக்கருத்தை எப்படித் தாங்குகின்றன என்ற விளக்கம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் விழுவது மூன்றாவதில்தான். ‘இப்பாடலில் புலவர் நெய்தல் நில மக்களின் வாழ்வை மிக அழகாகச் சித்திரித்துள்ளார்’ என்ற வசனம் வேறு எந்த நெய்தற் பாடலுக்கும் அப்படியே பொருந்தும். ஆகவே இந்தப் பாடலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. எதுகை, மோனை, உவமை என்று அணிகளைப் பட்டியலிடுவதும் இத்தகையதே. மோனை வந்திருக்கிறது என்று எழுதும் பிள்ளையிடம், வந்ததனால் பாடலுக்கு என்ன நேர்ந்தது என்று திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் புள்ளி இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முதல் வரைவு வகுப்பிலேயே, ஒரு பாடவேளைக்குள், கையெழுத்தில் முடியட்டும். வீட்டுக்குக் கொண்டுபோவது திருத்தி எழுதும் வேலை மட்டுமே. வகுப்பில் எழுதிய தாளையும் திருத்திய தாளையும் ஒன்றாக இணைத்துக் கேட்டால், இடையில் யாருடைய குரல் புகுந்தது என்று நீங்கள் துப்பறியத் தேவையில்லை. கைபேசியைத் தடுக்க முயல்வதில் பயனில்லை. ஆனால் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் சங்கச் செய்யுள் அடிகளைத் தாமாகப் புனைந்து தருவதுண்டு. ஆகையால் மேற்கோள் காட்டும் ஒவ்வோர் அடியையும் அச்சிட்ட மூலத்தில் தொட்டுக் காட்டச் சொல்வதை வழக்கமாக்குங்கள்.

இனித் திருத்துவது. ஒப்படைக்குப் பத்துப் புள்ளியென்றால் சான்றுக்கு நான்கு, விளக்கத்துக்கு நான்கு, மொழிக்கு இரண்டு என்று வைத்து, அதைக் கரும்பலகையில் முதல் நாளே எழுதிவிடலாம். ஒவ்வொரு பிழையையும் சிவப்பு மையால் சுழிப்பதால் ஆசிரியருக்குக் களைப்பும் பிள்ளைக்கு அச்சமுமே மிஞ்சும் என்பது என் அபிப்பிராயம். ல, ள, ழ மயக்கம் போன்று ஒரு தாளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகைப் பிழையை மட்டும் குறித்து, மற்றவற்றை அடுத்த முறைக்கு விடுங்கள். விளிம்பில் ‘நன்று’ என்று எழுதுவதைவிட, ஒரேயொரு கேள்வியை எழுதுவது கூடுதலாக வேலை செய்யும்.

நற்றிணைப் பாடலை வகுப்பில் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. மீன் நாற்றம் என்ற பேச்சு கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகளைக் கேலி செய்யச் சில இடங்களில் பயன்படுகிறது. தோழி அதைத் தன் வாயாலேயே சொல்லி, அதையே எதிராளியை விலக்கும் ஆயுதமாக்குகிறாள் என்பதை வாசித்துக் காட்டிய பிறகே ஒப்படையைக் கொடுங்கள். வாடியில் (மீனவர் கொட்டிலில்) கருவாடு காயப்போடும் குடும்பத்துப் பிள்ளை, உப்பிடுவதையும் காகம் விரட்டுவதையும் பற்றி ஆசிரியரைவிட நன்றாக எழுதும். அப்பிள்ளை வகுப்பில் முதன்முதலாக அறிவாளியாக அமர்வதற்கு அது ஒரு வாய்ப்பு.

படைப்பு எழுத்தையும் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சேர்க்கலாம், ஆனால் ஆய்வுப் பந்தி எழுதி முடித்த பின்னரே. செல்வன் மகன் தோழிக்குச் சொல்லும் மறுமொழியை ஒரு பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். பாடலில் உள்ள எந்தத் தகவலுக்கும் அது முரணாக இருக்கக்கூடாது என்பதே ஒரே நிபந்தனை. அந்த நிபந்தனைக்காகவே பிள்ளை மூலத்தை மீண்டும் வாசிக்கும்.

ஒரு தவணைக்கு இப்படிச் சிறு ஒப்படைகள் நான்கு, தவணை முடிவில் பரீட்சை பாணியிலான பரந்த வினா ஒன்று என்ற கணக்கு போதுமானது. அந்தப் பரந்த வினாவுக்கு விடையெழுதும்போது, முன்பு எழுதிய நான்கு பந்திகளையும் மேசையில் விரித்து வைத்துக்கொள்ளப் பிள்ளைகளை அனுமதியுங்கள்.