தோட்டத் தொழிலாளி வேடம் பினாங்கில் வாடகைக்கு எங்கே கிடைக்கும்?

கேள்வி இது: "தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு அந்தக் காலத் தோட்டத் தொழிலாளி உடை பத்து செட் வேண்டும். கிழிந்து அழுக்காக இருந்தால் நல்லது. பினாங்கில் எங்கே வாடகைக்கு எடுக்கலாம்?"

நான் அலைந்த வரைக்கும் எங்கேயும் கிடைக்கவில்லை. வாடகைக் கடைகளில் பரதநாட்டிய உடை இருக்கும், ராஜா வேடம் இருக்கும், அட்டைக் கிரீடம் இருக்கும். ‘தோட்டம்’ என்று கேட்டால் கிளிப்பச்சையும் சிவப்பும் கலந்த சாட்டின் பாவாடை செட் ஒன்றை எடுத்துப் போடுவார்கள். கும்மிக்கும் அதுதான், நாற்று நடவுக்கும் அதுதான். அதைக் கட்டிக்கொண்டு ஒரு பிள்ளை கையில் ரப்பர் மரம் சீவும் உளியைப் பிடித்தால், கல்யாண வீட்டுக்கு வந்தவளைக் காய் நறுக்கச் சொன்ன மாதிரி இருக்கும்.

நீங்கள் ஆசிரியைதான் என்று நினைக்கிறேன். கூட்டத்தில் "உடையை டீச்சர் பார்த்துக்கொள்வார்" என்று முடித்திருப்பார்கள், பணத்தைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் "கிழிந்து அழுக்காக" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் தையல்காரி. பட்டர்வொர்த்தில் வீட்டோடு இரண்டு மெஷின் போட்டு பிளவுஸ், பஞ்சாபி சூட், பள்ளிச் சீருடை தைக்கிறேன். ஆராய்ச்சி எதுவும் செய்தவள் இல்லை. "எங்கள் தோட்டத்தில் அப்படி இல்லை" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள், தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். நான் சொல்வது நிபோங் திபால் பக்கம் என் அம்மா பால் மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்த தோட்டம். அறுபதுகளின் கடைசியும் எழுபதுகளும்.

பத்து வருடம் இருக்கும். தீவில் ஒரு அமைப்பு தோட்ட வாழ்க்கையைப் பற்றி நாடகம் போட்டது. பதினான்கு பேருக்கு உடை. இயக்குநர் கோலாலம்பூரிலிருந்து வந்த தம்பி, நல்ல பையன்தான். "அக்கா, பாக்கிறவங்களுக்கு வறுமை தெரியணும். கந்தலா வேணும்" என்றார். நானும் சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரோங் கூலிட் சந்தைக்குப் போய், தரையில் குவித்து வைத்திருந்த பழைய துணியில் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையாகப் பொறுக்கினேன். ஒன்று 3 ரிங்கிட். இருபது எடுக்கிறேன் என்றதும் கடைக்காரர் இரண்டு கைலியைச் சும்மாவே கொடுத்தார்.

புதுசு மாதிரி தெரியக்கூடாதே என்று அண்டாவில் தேயிலைத்தூளைக் கொதிக்கவிட்டுச் சட்டைகளை ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். பருத்திச் சட்டை அழகாக மங்கியது. பாலியெஸ்டர் கலந்ததெல்லாம் டோபிக் கடையிலிருந்து வந்த மாதிரி பளிச்சென்று வெளியே வந்தது. தேயிலைச் சாயம் பாலியெஸ்டரில் ஏறாது. இத்தனை வருடம் துணியோடு புழங்கிய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன். நீங்கள் வாங்கும்போது கழுத்துப் பட்டியில் என்ன துணி என்று பார்த்து வாங்குங்கள். வெள்ளை மட்டும் வேண்டவே வேண்டாம், மேடை விளக்கில் கண் கூசும்.

அப்புறம் கிழிக்கும் வேலை. பிளேடால் கீறி, கம்பி பிரஷால் தேய்த்து, முட்டி, முழங்கை, முதுகு என்று ஆசையாகக் கிழித்தேன். பழுப்பு ஷூ பாலிஷை அங்கங்கே தடவிக் கொடியில் போட்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டார்.

"என்னடி இது, பிச்சைக்கார வேசமா?"

"இல்லம்மா, தோட்டத்து ஆளுங்க. பால் வெட்டுறவங்க."

அம்மா ஒரு சட்டையை எடுத்து விரித்தார். முதுகுக் கிழிசலில் கையை விட்டு வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டு நான் பெரட்டுக்கு (காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போனேனா? நீ பார்த்தியா? கிழிஞ்சா அன்னிக்கு ராத்திரியே தைப்போம். காட்டுல முள்ளு இழுக்கும், கொசு உள்ள பூரும். நாங்க கஷ்டப்பட்டோம், அம்மணமா திரியல."

எனக்குச் சுருக்கென்றது. ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அம்மாதான். அன்று சாயங்காலம் தகரப் பெட்டியிலிருந்து அப்பாவின் சட்டை ஒன்றை எடுத்து வந்தார். வேலைக்கு அதை அம்மாதான் போட்டுக்கொண்டிருந்தார், கைலிக்கு மேலே. காலரைத் தொட்டுப் பார்த்தேன். திருப்பித் தைத்த காலர். கழுத்து உரசி நைந்துபோனால் காலரைத் தனியாகப் பிரித்து, நைந்த பக்கம் அடியில் போக மறுபடி வைத்துத் தைப்பது. தையல் வேலை தெரிந்தவர்களுக்கு அதில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று தெரியும். முழங்கையில் ஒட்டு. அதுவும் வேறு நிறத் துணி இல்லை, அதே சட்டையின் அடி மடிப்பிலிருந்து எடுத்த துணி. கிழிசல் என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் கைமுனையிலும் தொடைக்கு மேலேயும் கறுத்த கறை, தொட்டால் ரப்பராகவே இருக்கும். கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், துணியில் பட்டுக் காய்ந்தால் அப்புறம் எந்தச் சோப்பிலும் போகாது. அதனால்தான் வேலைச் சட்டை தனி, வீட்டுச் சட்டை தனி.

அழுக்கு எங்கே இருந்தது என்று அந்தச் சட்டையே சொல்லியது. மரத்தில் பால் வடியும் மங்கிலிருந்து பாலை வாளியில் ஊற்றும்போது கைமுனையில் படும். தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் வாளிகளைத் தூக்கி நடக்கும்போது தளும்பித் தொடையில் விழும். முகத்திலும் முதுகிலும் எதற்குக் கரி? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று விடியுமுன்னே போய்விடுவார்கள். நெற்றியில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவர்த்தி, தலையை இறுக்கிக் கட்டிய துண்டு, காலுக்குப் பழைய கேன்வஸ் சப்பாத்து. முழுக்கைச் சட்டையே கொசுவுக்காகத்தான்.

அப்பா சட்டையை எடுத்துக்கொண்டு போய் தம்பியிடம் காட்டினேன். தடவித் தடவிப் பார்த்தார், "ரொம்ப அழகா இருக்குக்கா" என்றார். ஆனால் பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் திருப்பித் தைத்த காலர் தெரியுமா என்று கேட்டார். அதுவும் நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். கடைசியில், கிழித்ததையெல்லாம் நானே உட்கார்ந்து ஒட்டுப் போட்டேன், தூரத்துக்குத் தெரியட்டும் என்று கொஞ்சம் பெரிய ஒட்டாக, வேறு நிறத்தில். அம்மாவுக்கு அந்த நிறம் பிடிக்கவில்லை. தம்பிக்குப் பிடித்தது. மூன்று ராத்திரி போனது எனக்கு.

இன்னொரு கூத்தும் செய்தேன். கறை நிஜமாக இருக்கட்டும் என்று, சின்னத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் ஒரு போத்தல் பால் வாங்கிச் சட்டைகளில் பூசினேன். கட்டியாகாமலிருக்க அவர் அமோனியா ஊற்றிக் கொடுத்திருந்தார். வெளியே காயும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏர்கோன் போட்ட மண்டபத்தில் பதினான்கு சட்டையும் ஒன்றாக மேடை ஏறியதும் முன்வரிசைப் பிரமுகர்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். பின்வரிசையில் பாட்டிகள் "பால் ஸ்டோரு நாத்தம்டி" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். சோகக் காட்சி அது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். துணிப் பசையில் கறுப்பும் பழுப்பும் கலந்து பூசினால் போதும். பிள்ளைகளில் யாருக்காவது ரப்பர் பால் ஒவ்வாமல் உடம்பு தடிக்கவும் செய்யும்.

வீட்டுக்குத் திரும்பும்போது படகில் அம்மா உடையைப் பற்றி எதுவுமே பேசவில்லை. "அந்தப் பொண்ணு மரத்தை மாத்தி வெட்டுது. கிராணி பார்த்திருந்தா அன்னிக்குப் பேரு போட மாட்டான்" என்றார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, பேர் போடாவிட்டால் அன்றைக்குக் கூலி கிடையாது. வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிய வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் கொஞ்சம் சாய்வாக ஓடுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகம் அறுபட்டுப் பால் நன்றாக வரும். உங்கள் பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் கொடுங்கள்.

உடை தேடுமுன் நாடகம் எந்த வருடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். "அந்தக் காலம்" என்று ஒரு காலம் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கும் காட்சி என்றால் ஊர்ச் சேலையும் வேட்டியும்தான், கைலி பிறகு வந்த பழக்கம். ஜப்பான்காரன் காலம் என்றால், 1941 டிசம்பரிலிருந்து 1945 வரை, துணிப் பஞ்சம். கோணிச் சாக்கை வெட்டி உடுத்தினோம் என்று என் பாட்டி சொல்லியிருக்கிறார். அங்கே நீங்கள் கேட்ட கந்தல் பொருந்தும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதே 1943-இல் நேதாஜியின் ராணுவத்தில் கேப்டன் லட்சுமி நடத்திய ஜான்சி ராணிப் பெண்கள் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் போட்டு நின்றார்கள். அந்தக் காட்சி வைத்தால் இஸ்திரி மடிப்பு கலையக்கூடாது.

இனி சொல்வதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த நிகழ்ச்சியில் நன்றியுரை பதினைந்து நிமிடம். ஒலிபெருக்கி வைத்தவர், நாசி லெமாக் பொட்டலம் கொடுத்தவர், கார் நிறுத்துமிடம் பார்த்துக்கொண்டவர், எல்லார் பெயரும் வந்தது. தைத்தவள் பெயர் வரவில்லை. பிறகு ஞாபகம் வந்து மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கூலி பாதிதான் வந்தது, மீதி "அடுத்த மாசம்க்கா". இத்தனை வருடத்தில் என்னிடம் பதினோரு பொன்னாடை சேர்ந்திருக்கிறது. தையல்காரிக்குப் போய்த் துணியைப் போர்த்துகிறார்களே, அதுவும் ஓரம்கூட அடிக்காத துணி! இரண்டை மெஷினுக்கு உறையாகப் போட்டிருக்கிறேன். காசைப் பற்றிப் பேசுகிறாளே, தமிழ்ச் சேவை இல்லையா என்று யாராவது கேட்டால், நூல்கண்டு விற்கும் தவுக்கேயிடம் போய்ச் சேவை என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, உங்கள் பத்து செட்டுக்கு வருகிறேன். பெற்றோரிடம் சொல்லி வீட்டில் கிடக்கும் பழைய முழுக்கைச் சட்டையும் கைலியும் வாங்குங்கள், கிடைக்காததை லோரோங் கூலிட்டிலோ பழைய துணி விற்கும் பண்டல் கடையிலோ எடுங்கள். தேயிலை, பசை, ஒட்டுத் துணி எல்லாம் சேர்த்து 150 ரிங்கிட்டுக்குள் முடித்துவிடலாம். நெற்றி விளக்கு எல்இடி என்றால் மேலே மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை திரும்பும்போதெல்லாம் பார்க்கிறவர்களுக்குக் கண் தெரியாது. ஒட்டுப் போடத் தெரியவில்லை என்றால் பள்ளி விடுமுறைக்கு முன் சட்டைகளைக் கொண்டு வாருங்கள், போட்டுத் தருகிறேன். அப்பா சட்டையை வந்து தொட்டுப் பார்க்கலாம், படமும் எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தனுப்ப மட்டும் அம்மா விடமாட்டார்.