டீச்சர் பதில்கள்: அலகு என்றால் துடைப்பம்

ஆடி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களின் நிறம் மாறிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் சாவு நடந்த வீடுகளிலிருந்து. வடாம் ஏன் சிவக்கிறது என்று கேட்ட திண்டிவனம் வாசகி ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

கணவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு வருஷம் முடியும்வரை வீட்டில் விளக்கு ஏற்றக் கூடாது, கோயில் வாசல் மிதிக்கக் கூடாது என்கிறார்கள் நாத்தனார்கள். சாயங்காலம் ஆறு மணி ஆனால் வீட்டுக்குள் இருக்கவே பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், விக்கிரவாண்டி

விளக்கை ஏற்றுங்கள் அம்மா. இன்றைக்கே. அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் காரியம் முடியும்வரை விளக்கு எரிந்ததல்லவா? அணையாமல் எண்ணெய் விட்டது யார்? இதே நாத்தனார்கள்தானே. போனவருக்கு ஏற்றலாம், இருப்பவளுக்கு ஏற்றக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

கோயில் விஷயம் ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. எங்கள் பக்கம் ஒரு வருஷம் மலைக்கோயிலுக்குப் போவதில்லை. சிலர் கொடிமரம் இருக்கும் கோயில் எதற்குமே போவதில்லை. வேறு சிலர் பதினாறு முடிந்த கையோடு அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு வருகிறார்கள். உங்கள் வீட்டு வழக்கத்தை உடைக்கச் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவளை வளைகாப்பு, கல்யாணம் என்று இழுத்துப்போய்ச் சிரிக்க வைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடெல்லாம் வந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் எதிர்வீட்டு பாய் காலமானபோது அவர் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார், கணவனை இழந்த முஸ்லிம் பெண்கள் இருக்கும் துக்கக் காலம் அது. "அத்தனை நாளும் யாரும் என்னைத் தேறி வா என்று சொல்லல டீச்சர், அதுவே பெரிய உபகாரம்" என்றார் பிறகு. அவர்கள் கணக்குக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. நம் நாத்தனார்கள் கணக்கில்தான் அது இருப்பதில்லை.

சாமி கும்பிட உட்கார்ந்தால் மளிகைக் கணக்கும் பால் கணக்கும்தான் மனதில் ஓடுகிறது. என்ன பரிகாரம்?
– வாசகி, தாம்பரம்

கணக்கு சரியாக வருகிறதா? எனக்கு அந்த நேரத்தில்தான் சரியாக வரும். கற்பூரம் காட்டிய கையோடு எழுதி வைத்துவிடுங்கள், மறந்துபோகும்.

என் மகனுக்கு 22 வயது. பைக்கில் போனவன் திரும்பவில்லை. சாமி படங்களையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். ஆனால் காலையில் எழுந்ததும் கை தானாக வாசல் தெளித்துக் கோலம் போடுகிறது. நம்பிக்கை போன பிறகு கோலம் போடுவது வேஷம் இல்லையா?
– ஒரு தாய், விருத்தாசலம்

அம்மா, உங்கள் பிள்ளை ஏன் போனான் என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. 'எல்லாம் ஆண்டவன் போட்ட கணக்கு' என்று யாராவது வந்தால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தானே புயல் எங்கள் கடலூர் ஜில்லாவில் புகுந்தது. என் வீட்டுக்காரர் பிள்ளை மாதிரி வளர்த்த இரண்டு ஏக்கர் முந்திரியும் வரப்போரப் பலாவும் வேரோடு சாய்ந்தன. பண்ருட்டிக்காரர்களைக் கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். விழுந்த பலாவை மிருதங்கக் கட்டைக்கு என்று ஒரு வியாபாரி வந்து பேரம் பேசினார். இவர் விலைகூடச் சொல்லவில்லை, கொண்டுபோ என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகு தோப்புப் பக்கம் போகவே இல்லை. 2013 மாசியில் ஒருநாள் காலை, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நீங்கள் படங்களைப் பரணில் போட்டீர்கள். நான் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தேன், சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று. பதினோரு மாதம். ஆனால் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும், அவருக்கு டிகாக்‌ஷன் போட்டுப் பழகிய உடம்பு. எழுந்து செய்ய வேலை இருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் ஞாயிறுதோறும் திருவதிகை வீரட்டானத்துக்கு உழவாரப் பணிக்குப் போவார். ஒருநாள், "டீச்சர், ஆள் பத்தல. சாமி கும்பிட வேணாம், பெருக்க மட்டும் வாங்க" என்றார். கோபத்தோடுதான் போனேன். வெளிப்பிராகாரத்தில் வேப்பஞ்சருகு, நெருஞ்சி, கரிந்த திரி, உடைந்த அகல், புளியோதரைத் தொன்னை. ஒரு வருஷத்துக்கு மேல் அவற்றைத்தான் பார்த்தேன். உள்ளே போகவில்லை. தீபாராதனை மணி கேட்டால் முறத்தைத் தூக்கிக்கொண்டு மடைப்பள்ளிப் பக்கம் போய்விடுவேன்.

அந்தக் கோயிலில் திலகவதியாருக்குச் சன்னிதி இருக்கிறது. அப்பரின் அக்கா. பக்கத்துத் திருவாமூர்தான் அவர்கள் ஊர். பன்னிரண்டு வயதில் கலிப்பகையாருக்கு நிச்சயம் ஆனது. அவர் போருக்குப் போனார். இங்கே அப்பா போனார், அம்மா போனார், போரில் அவரும் போய்விட்டார். உயிரை விடத் துணிந்தவர், தம்பி காலில் விழுந்து அழுததால் இருந்தார். முப்பத்தொரு வருஷம் நான் வகுப்பில் சொன்ன கதை இது. பெரியபுராணத்தில் சேக்கிழார் அந்த இடத்தில் என்ன வார்த்தை போட்டிருக்கிறார் என்று துடைப்பத்தைப் பிடித்த பிறகுதான் கவனித்தேன். பக்தியால் உயிர் தாங்கினார் என்று எழுதவில்லை. தம்பி இருக்க வேண்டும் என வைத்த 'தயா' என்கிறார். அதன் பிறகு அந்தப் பெண் வீட்டில் வாழ்ந்த வாழ்க்கைக்கு 'மனைத்தவம்' என்று பெயர் வைக்கிறார். வாசல் பெருக்கி, மெழுகி, பூக்கட்டிய வாழ்க்கை. பெருக்குவதை 'அலகிடுதல்' என்பார்கள் அந்தக் காலத்தில். பரீட்சைக்காக 'அலகு – துடைப்பம்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனவள் நான்.

ஆகவே கோலம் வேஷமில்லை. உங்கள் கைக்குத் தெரிந்த வேலை, அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். சாக்கு பரணிலேயே இருக்கட்டும், கரையான் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டுப் படங்கள் எப்போது நேராயின என்று எனக்கே தெரியாது. பேத்தி லீவுக்கு வந்தபோது செய்திருப்பாள். நான் கேட்கவில்லை.

இன்னொன்று. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். டீச்சர் அல்லவா, அடித்ததையும் படித்துவிட்டேன். அந்த நினைப்பு வரும் ராத்திரியில் தனியாக இருக்காதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். காசு கிடையாது. பிறகு எனக்கும் எழுதுங்கள், இந்த முறை அடிக்காமல்.

2020-ல் அம்மா இறந்தபோது விமானம் இல்லை. கொள்ளி வைத்தது தம்பி. நான் போனில்தான் பார்த்தேன். இங்கே ஆடி அமாவாசைக்கு என்ன செய்வது? ஐயர் இல்லை, ஆறு இல்லை, காக்கைக்குச் சோறு வைக்கவும் வழி தெரியவில்லை.
– வாசகர், ஷார்ஜா

2020 மார்ச் 23-ந் தேதி பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது நீங்கள் இல்லை தம்பி. முதலில் அந்தப் பழியை இறக்கி வையுங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அமாவாசை விடியலில் நிற்க இடமிருக்காது. என் மகனும் அங்கேதான் எள்ளும் தண்ணீரும் விடுவான். உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் போதும், குளியலறைக் குழாயடியானாலும் சரி. தெற்குப் பக்கம் பார்த்து நின்று அம்மா பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். போனில் பார்த்த அன்றைக்கு அலுவலகத்தில் சத்தமாக அழக்கூட முடிந்திருக்காது.

சமையலில் வாழைக்காயோடு அம்மாவுக்குப் பிடித்தது ஏதாவது ஒன்று இருக்கட்டும். என் வீட்டுக்காரர் படையலில் இலையோரம் ஒரு மூக்குப்பொடி மட்டை வைப்பேன். மகன் முகத்தைச் சுளிப்பான். சுளிக்கட்டும், வாங்கிவருவதும் அவன்தானே.

காக்கை இல்லை என்று யார் சொன்னது? அந்த ஊரில் இருப்பதும் நம் ஊர்க் காக்கைதான், கப்பலேறிப் போய்க் குடியேறிய ஜாதி. கூப்பிட்டுப் பாருங்கள். பால்கனியை உடனே கழுவிவிடுங்கள், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

கடவுள் இருக்கிறாரா? ஒரே வரியில் பதில் வேண்டும்.
– கல்லூரி மாணவர், சிதம்பரம்

இது குறுவினா இல்லை தம்பி, நெடுவினா. நீ முதலில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பு, திருத்தித் தருகிறேன். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பேன்.

முட்டி வலி என்று போன மாதம் எழுதியிருந்தீர்களே, கோயில் வேலைக்குப் போகிறீர்களா?
– பழைய மாணவி, நெய்வேலி

போகிறேன். குனிய முடியவில்லை என்று துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு பூக்கட்ட உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு முழம் கட்ட முக்கால் மணி நேரம் ஆகிறது. நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு சின்னப் பெண் அதை அவிழ்த்து மறுபடி கட்டுகிறாள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொள்கிறேன்.